போத்தலில் அடைத்த புகை

டீமேக்கர் ஐயா,

இன்று காலையில் மாசிக் கருவாட்டு மூட்டை ஒன்றை அவிழ்த்தேன். கொழும்பிலிருந்து வந்த புதுச் சரக்கு. கயிற்றை வெட்டியதும் அந்தப் புகைமணம் எழும்பி முகத்தில் அடித்தது. உடனே என் வாய் தானாகத் திறந்து, விறகு ஈரம், அவசரப்பட்டுக் காயவைத்திருக்கிறான், ஓரத்தில் கசப்பு, ஆனால் உள்ளுக்கு நல்ல மீன் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. கடையில் யாருமே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலாளிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்தக் கிறுக்கைப் பிடிக்கவைத்தது நீங்கள்தான்.

உங்களோடு பழகுவதற்கு முன்னால் மணத்துக்கு என்னிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. சரி, சரியில்லை. பதுளை பஜாரில் வாப்பா காலத்திலிருந்து பலசரக்குக் கடை நடத்துகிற எனக்கு அது போதும். கறுவாப்பட்டையை ஒடித்து மோந்தால் ஒன்று சரி, இல்லாவிட்டால் சரியில்லை. வியாபாரம் முடிந்தது. நீங்கள் அப்படியா? முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்றே ஏலக்காய் மூட்டைக்குள் மூக்கை விட்டு, இது மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடந்து வந்திருக்கிறது நானா என்றீர்கள், பஜாரில் எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரியே. எனக்கு வந்ததே கோபம். யார் இந்தத் தோட்டத்து மனுஷன், நம் கடைக்கே வந்து நமக்கே பாடம் எடுக்கிறார் என்று. லொறிக்காரனைப் பிடித்து விசாரித்தால், ஆமாம் முதலாளி, கேன் ஒன்று ஒழுகிவிட்டது என்று தலையைச் சொறிகிறான். அடுத்த மாதம் நீங்கள் வந்தபோது நானே முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. ஊரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்துப் போட்ட அந்தக் காய்ச்சல். எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் மூக்கு போனது, கொஞ்ச நாளில் எல்லாருக்கும் திரும்பி வந்தது. உங்களுக்கு வரவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்தீர்கள், கராம்பு டப்பாவைத் திறந்து முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பலகைய மோந்த மாதிரி இருக்கு நானா. ஸ்டோர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா முடிஞ்சிச்சு."

என்ன முடிந்துவிடும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்வது தேயிலை ஃபெக்டரியை. அங்கே கொழுந்து கடைசியில் ட்ரையருக்குள் போய்ச் சூடான காற்றில் காய்கிறது. அந்தச் சூடு விறகு அடுப்பிலிருந்து வருகிறது. இடையில் இருக்கிற இரும்புக் குழாயில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் போதும், சூட்டோடு புகையும் உள்ளே நுழைந்துவிடும். புகை பிடித்த தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் எவனும் தொடமாட்டான், தோட்டத்தின் பேரே கெட்டுப்போகும். அந்தப் புகையை முதலில் பிடிக்க வேண்டியவர் டீமேக்கர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் இறங்கும். அதற்குள் உங்கள் மூக்கு திரும்ப வேண்டும், அல்லது மூக்கு இல்லாமல் புகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுவை பார்க்கிற மேசையை விட்டு எழும்ப வேண்டும். மனைவி மண்ணுக்குப் போய், மகள் அமெரிக்காவுக்குப் போன பிறகு, அந்த மேசையை விட்டால் உங்களுக்கு வேறு என்ன இருந்தது?

வழி சொன்னது மகள். கடுமையான மணங்களை விடாமல் மோந்து மோந்து மூக்கைத் திரும்பப் பழக்கலாம் என்று அங்குள்ள வைத்தியர்கள் சொல்கிறார்களாம். ரோசாப்பூ, எலுமிச்சை, கராம்பு என்று அது ஆரம்பிக்க, நீங்கள் குறுக்கே விழுந்தீர்களாம். பூவெல்லாம் எனக்கு வேண்டாம் பாப்பா, புகை வேண்டும், அதுவும் எல்லா நாளும் ஒரே மாதிரிப் புகை வேண்டும் என்று. நியாயம்தான். விறகுப் புகை இன்றைக்கு ஒரு மாதிரி, மழை பெய்தால் வேறு மாதிரி. ஒரே புகையைப் பிடித்து எதில் அடைத்து வைப்பது? மகள் யோசித்திருக்கிறது. சித்திரை விடுமுறைக்கு வரும்போது மூன்று போத்தல் விஸ்கியோடு வந்து இறங்கியது.

எனக்கு ஃபோன் வந்தது. "ஞாயித்துக்கெழம வாங்க நானா. ஒரு மூக்கு வேணும்" என்றீர்கள். விஷயத்தைக் கேட்டதும் நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். ஐந்து வேளை தொழுகிற மனுஷனைப் பார்த்து விஸ்கி மோக்க வா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் உலகத்தில் நீங்கள்தான். ஒரு சொட்டு உள்ளே போகாது, உதட்டிலும் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பொண்டாட்டிதான் சும்மா விடவில்லை. "மோந்துட்டு வாறதுக்குக் கோச்சி ஏறிப் போறீங்களா?" என்று கேட்டாள். வரும்போது வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். அந்தச் சட்டத்தைக் கடைசிவரை விடவில்லை.

தெமோதரை ரயில் ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி உங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தால், அங்கே ஸ்டோர் மேசை மாதிரியே எல்லாம் அடுக்கியிருக்கிறது. வெள்ளைக் கோப்பைகள், மூடிகள், சின்னத் தராசு, துப்புகிற தொட்டி, அடுப்பில் கொதிக்கிற கேத்தல். மகள் விறாந்தையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் தேயிலையை நிறுக்கிற மாதிரி விஸ்கியைத் தராசில் நிறுத்தீர்கள். மூன்று கோப்பையிலும் ஊற்றினீர்கள். அதன் மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை விட்டு, மூடி போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றீர்கள். நானும் இதுதான் முறை போலிருக்கிறது என்று பக்கத்தில் மரியாதையாக நின்றேன். நேரம் ஆனதும், "ம், மோந்து பாருங்க" என்று மூடியைத் திறந்தீர்கள்.

யா அல்லாஹ்! ஆவி கண்ணில் ஏறி, மூக்கில் ஏறி, மண்டைக்குள் போய் நின்றது. இருமி இருமி வாசலுக்கு ஓடினேன். மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. நீங்கள் மட்டும் அந்த ஆவிக்குள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே வராமல், நான் ஏன் ஓடுகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இருமலும் நின்றது, சிரிப்பும் நின்றது.

பிறகு மகள் சொல்லித் தந்தபடி பச்சைத் தண்ணீரில் சில சொட்டு மட்டும் விட்டோம். நீங்கள் கரண்டியால் அள்ளி, டீ குடிக்கிற மாதிரியே சர்ரென்று இழுத்து, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்பினீர்கள். அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்த சரக்கைத் துப்புகிறாரே என்று மகள் பதறியது. டீமேக்கர் விழுங்கமாட்டார் என்றீர்கள். ஆக, குடிக்காதவன் ஒருவன் மோக்கிறான், குடிக்கத் தெரிந்தவர் துப்புகிறார். மூன்று போத்தல் விஸ்கி இவ்வளவு ஒழுக்கமாக எந்த வீட்டிலும் செலவாகியிருக்காது.

உங்களுக்கு நாக்கு, எனக்கு மூக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். முதல் போத்தல் அமெரிக்காவில் மழை பெய்கிற ஒரு மூலையிலிருந்து வந்தது. மக்கிப்போன சதுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் பார்லியைக் காயவைத்திருக்கிறார்களாம். நான் மோந்துவிட்டு, மாசி என்றேன். பிறகு ஆஸ்பத்திரி டிஞ்சர் என்றேன். பிறகு நனைந்த கயிறு. நீங்கள் விடவில்லை. எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது, மாசி என்றால் உடைத்த மாசியா, உடைக்காததா? இப்படிக் கேட்டால் மனுஷன் எங்கே போவான்? மறுபடி மோந்தேன். உடைக்காததுதான். அதெப்படி எனக்குத் தெரிந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவதும் அமெரிக்காதான், ஆனால் பாலைவனத்துச் சரக்கு. அங்கே முள்மரம் ஒன்று இருக்கிறதாம், இறைச்சி சுடுவதற்கு அந்த விறகைத்தான் எரிப்பார்களாம், அதே புகையில் பார்லியையும் வாட்டியிருந்தார்கள். மூக்கைக் கொண்டுபோனதும் எனக்கு அம்பாந்தோட்டை வந்துவிட்டது. என் மாமி வீட்டு அடுப்படி. உப்புக்காற்று, முள்விறகு, பக்கத்தில் எங்கோ சீனி கருகுகிற இனிப்பு. மகள் தன் ஃபோனில் அந்த மரத்தின் படத்தைக் காட்டியது. பார்த்தால் அம்பாந்தோட்டைக் கரையெல்லாம் காடாகப் பரவிக் கிடக்கிற அதே முள்மரத்தின் சொந்தக்கார மரம். நீங்கள் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். ஒரு மரம் இரண்டு கடல் தாண்டி இரண்டு ஊரில் ஒரே புகை விடுமா என்று அன்று பகல் முழுக்க அதே பேச்சு. மூன்றாவதில் புகையே இல்லை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஆனால் உங்கள் தீர்ப்பு என்ன? முதல் இரண்டும் கழிவு. புகை பிடித்த சரக்கு, ட்ரையரில் வெடிப்பு இருக்கிறது, அவர்களுக்கு எழுதிப்போடு பாப்பா என்றீர்கள். மகள் பொறுமையாகச் சொன்னது: ஒரே வடிசாலையில், பார்லியை மட்டும் வைத்து வடிக்கிற விஸ்கி இது, புகையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அதற்குத்தான் மதிப்பு.

"வேணும்னேவா?" என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் வாழ்க்கை முழுக்கப் புகையை விரட்டிய மனுஷனின் அதிர்ச்சி அத்தனையும் இருந்தது.

ஆனால் உங்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். கோபம் ஒரு கிழமைதான். அடுத்த ஞாயிறு போனால், பார்லியை எப்படி நனைக்கிறார்கள், எப்படி முளைக்க விடுகிறார்கள், எந்த நேரம் காயவைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் மகளிடம் கேட்டு வைத்திருக்கிறீர்கள். அவர்களும் நம்மைப் போலக் காயவைக்கிறவர்கள்தான் நானா என்றீர்கள், தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி. பிறகு அவற்றுக்குத் தேயிலைக்குப் போடுகிற மாதிரியே மதிப்புப் போட்டீர்கள். சதுப்பு மண் சரக்குக்கு உடம்பு இருக்கிறது, முடிவு நீளம், ஆனால் முரடு. முள்மரத்துச் சரக்கு வாயில் இனிப்பாக நுழைந்து, போகும்போது நாக்கின் ஓரத்தை வறட்டிவிட்டுப் போகிறது. நான் மோந்ததைச் சொல்லச் சொல்ல, நீங்கள் அதை நாக்கில் தேடுவீர்கள். கழுவாத கோப்பை காய்ந்த பிறகு அதில்தான் புகை அதிகம் என்பதைக் கண்டுபிடித்ததும் நாம்தான். சாராய வாடை பறந்துபோய் வெறும் சாம்பல் மணம் நிற்கும். ஏன் அப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"உள்ளுக்குள்ளேயே வளர்ந்த புகை வேற, மேல வந்து ஒட்டுன புகை வேற நானா. முன்னது குணம், பின்னது குத்தம்." ஒரு மாதம் துப்பித் துப்பிக் கடைசியில் நீங்கள் வந்து சேர்ந்த இடம் அது.

மகள் திரும்பிப் போன பிறகும் ஞாயிறு தவறவில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பீர்கள், நான் கோப்பைகளை இடம் மாற்றி வைப்பேன். எது புகை, எது புகை இல்லாதது? முதலில் எல்லாம் பிழைதான். பிறகு ஒன்றிரண்டு சரியாக வந்தது. புகை இருந்தால் தொண்டைக்கு மேலே ஒரு இடம் காய்ந்துபோகிறது என்று பிடித்துக்கொண்டீர்கள். கச்சான் வீசத் தொடங்குகிற நேரத்தில் ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை. நான் துஆ கேட்டது வீண் போகவில்லை என்று நினைத்தேன். விஸ்கிக் கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு துஆ கேட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் நீங்களே ஒரு கடைசிச் சோதனை வைத்தீர்கள். தேயிலையில். குவாட்டர்ஸுக்குப் பின்னால் சவுக்கு விறகு கொஞ்சம் மூட்டி, ஒரு கை தேயிலையை அந்தப் புகையில் காட்டி, மற்றக் கோப்பைகளோடு கலந்து வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது எந்தக் கோப்பை என்று. நீங்கள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தீர்கள். திரும்ப ஆரம்பத்திலிருந்து பார்த்தீர்கள். அந்தக் கோப்பையிலும் உங்கள் முகம் சுளிக்கவில்லை. விஸ்கியின் காரத்தில் நாக்கு பிடித்த புகையைத் தேயிலையின் சாந்தத்தில் பிடிக்க முடியவில்லை.  நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டே, சொல்லுங்கள் நானா என்றீர்கள். இரண்டாவது என்று சொன்னேன். அதைத்தான் எல்லாவற்றையும் விட நல்லது என்று ஒதுக்கி வைத்திருந்தீர்கள்.

மறுநாள் காலையிலேயே தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போய் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள், இன்னும் ஒரு வருஷமாவது ஓட்டியிருக்கலாம். அதைச் சொன்னதற்கு என்னோடு கோபித்துக்கொண்டீர்கள். கச்சான் காலத்துத் தேயிலையில் சூதாட முடியாது என்றீர்கள். மகள் ஃபோனில் அழுதது, டிக்கெட் போடுகிறேன், இங்கே வந்துவிடுங்கள் அப்பா என்று. எல்லாரும் நீங்கள் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தோம். என் கடையில் முக்காலியில் உட்கார்ந்து மகளுக்குப் பதில் சொன்னீர்கள்: "அங்க வந்தா யாரு பாப்பா எனக்கு மணம் சொல்லுவா?"

நான் பின்பக்கம் போய்ச் சரக்கு எடுக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுப் பதுளையில் அறை எடுத்து வந்த முதல் கிழமையிலேயே நீங்கள் அத்தர் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு. மோக்க முடியாத மனுஷனுக்கு எதற்கு அத்தர்? அப்போதுதான் தெரிந்தது, ஸ்டோரில் காலடி வைத்த நாளிலிருந்து நீங்கள் வாசனைச் சோப்புக்கூடப் போட்டதில்லை என்று. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் பவுடர் இல்லை, மணமுள்ள எண்ணெய் இல்லை, கல்யாணத்தன்று மட்டும் மாலை. இனிமேல் யாருக்காகப் பயப்பட வேண்டும், புகை மாதிரி ஒன்று கொடுங்கள் என்றீர்கள். அகில் மரத்து ஊத் அத்தரை உங்கள் மணிக்கட்டில் நான்தான் தடவிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். பள்ளிவாசல் கம்பளம், பழைய மரப்பெட்டி, தூரத்தில் தேன் என்றேன். அப்படியா, அப்படியா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கண்ணுக்குத் தெரிந்துவிடும் போல.

அந்த வருஷம் முழுக்க நான் ஊரை உங்களுக்கு மோந்து மோந்து சொன்னேன். மாரி மழைக்குப் பிறகு சந்தை, பேக்கரி வாசல், கோச்சி நிலையத்து இரும்பு, முத்தியங்கனை விகாரைப் பக்கம் காற்றில் வருகிற பூ. எதற்கும் இனி பிரயோசனம் இல்லை, எந்த மேசையும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. இருந்தும் நீங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. பிறகு ஒரு காலை, பல் விளக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்கு நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் வந்தது. காரியமெல்லாம் முடிந்து கடைக்கு வந்து, உங்கள் முக்காலியில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கடைசி வருஷத்தில் மூக்கு திரும்பி வந்ததில் தனக்கு ஒரு ஆறுதல் மாமா என்றது. நான் திகைத்துப்போனேன். ஒவ்வொரு கிழமையும் ஃபோனில் சொல்வாராமே, இன்றைக்குச் சந்தையில் என்ன மணம், கோச்சி நிலையத்தில் என்ன மணம் என்று. திருட்டு டீமேக்கரே! நான் சொன்னதையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய் மகளிடம் கொடுத்திருக்கிறீர்கள், அது தூரத்தில் இருந்து கவலைப்படக்கூடாது என்று. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லை மகள், கடைசிவரை வரவில்லை, அது என் மூக்கு என்றேன். மகள் எட்டிக் கராம்பு டப்பாவை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தது. பிறகு கேட்டது.

"அப்போ அப்பாவோட மணம் எப்படி இருந்துச்சு மாமா? எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

சொன்னேன். சொல்லும்போதுதான் யோசித்தேன், ஊரிலுள்ள மணத்தையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்களுடையதை மட்டும் சொன்னதில்லை. நீங்கள் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இப்போது நானும் அதே அத்தரைப் பூசுகிறேன். என் கையில் அது வேறு மாதிரி இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால் மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். முதலில் ஊத் வரும், அது நான் தடவினது, அதை விடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் அடியில், ட்ரையரிலிருந்து சூட்டோடு விழுந்த தேயிலையைக் கை நிறைய அள்ளினால் வருகிற மணம். சட்டை மாற்றினாலும், ஸ்டோரை விட்டு வந்து வருஷமானாலும் போகாமல் தோலுக்குள் இருந்தது. கச்சான் காலத்துத் தேயிலை, ஐயா. குற்றம் ஒன்றும் இல்லை.